பத்துக்கு மேல், பதினைந்துக்குள்

அறுபத்திரண்டு வயதுவரை நன்றாக வாழ்ந்த வேண்டாக் கிழவியை இரண்டு வயதிலேயே தீர்த்துக்கட்டிவிட்டு, பார்த்திபன் விசிலடித்தபடி மாடிப்படி இறங்கி டீக்கடைக்கு வந்தான்.

"இன்னா மச்சான், இன்னிக்கு எத்தினி பேரு?" என்றான் டீ ஆற்றிக்கொண்டிருந்த பன்னீர்செல்வம்.

"மூணு. அதுல ஒருத்தரு தலையாரி."

"அடப்பாவி! அந்தாளு உன்ன இன்னாடா பண்ணாரு?"

"சனிக்கெழம எல்லாருக்கும் உசுரு வந்துடும், வுடு."

பதறாதீர்கள். வேண்டா செத்தது 1919-ல். நம் கதை நடப்பது 1999-ல், மதுராந்தகத்தில். அந்தக் காலத்து ஜனங்கள் எத்தனை பெற்றார்கள், எத்தனை நாள் இருந்தார்கள் என்று ஆராய்கிறவர்கள் யார் கேட்டாலும் சி.டி.யில் போட்டுக் கொடுப்பதற்காக, பழைய பிறப்பு இறப்பு ரிஜிஸ்டர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் ஆபீஸ் அது. அங்கே உட்கார்ந்து அடிக்கிறவன்தான் கருங்குழிப் பார்த்திபன்.

ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். காலையில் ரோகிணி, மத்தியானம் பார்த்திபன். ஒருத்தர் அடித்ததை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டும் எங்கெல்லாம் ஒத்துப்போகவில்லையோ, அதைக் கம்ப்யூட்டரே பட்டியல் போட்டுவிடும். சனிக்கிழமை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அசல் ரிஜிஸ்டரைப் புரட்டி, யார் அடித்தது சரி என்று பார்த்துத் திருத்த வேண்டும்.

பக்கத்தில் பக்கத்தில்! அதற்காகத்தான் ஐயா இத்தனை கொலையும். பஸ் ஸ்டாப்பில் போய்ப் பேச அவனுக்குத் தைரியம் கிடையாது. நடுவில் ரிஜிஸ்டர் இருந்தால்தான் வாயே திறக்கும்.

"சடையப்பன், வயசு ஏழுன்னு அடிச்சிருக்கீங்க. ஏழு வயசுல பேரன் பிறந்திருக்கானே!" என்று போன சனிக்கிழமை அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த ஒரு சிரிப்பிலேயே பார்த்திபனுக்கு ஒரு வாரம் ஓடிவிட்டது.

வாரத்துக்குப் பன்னிரண்டு தப்பு அவன் வேண்டுமென்றே போடுவான். ரோகிணி பக்கத்திலும் பன்னிரண்டு விழும். டைப்ரைட்டிங் ஹையரில் டிஸ்டிங்ஷன் வாங்கினவள்தான். ஆனாலும் அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகளின் கிறுக்கல் யாரைத்தான் விட்டது என்று இவன் உச்சுக் கொட்டுவான்.

அடுத்த திங்கட்கிழமை, ஆபீசர் நரசிம்மன் இருவரையும் நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"போன வாரம் இருபத்திநாலு தப்பு! மாசக் கடைசியில சி.டி. போகணும். இந்த வாரம் பதினஞ்சைத் தாண்டிச்சுன்னா, உங்கள்ல ஒருத்தர் மாமல்லபுரம் ஆபீசுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்."

"ரொம்பக் குறைஞ்சுட்டா சார்?" என்று கேட்டாள் ரோகிணி.

"பத்துக்குக் கீழே வந்தா நானே திருத்திக்கறேன். சனிக்கிழமை உங்களுக்கு லீவு. போய் வேலையைப் பாருங்க!"

அன்று பார்த்திபன் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தான். "மாமல்லபுரத்துல இன்னா கீது? கல்லு கீது, கடலு கீது. ரோகிணி இல்லியே!"

"அந்தப் பொண்ணுக்கு எப்பவும் எத்தினி தப்பு?" என்றான் பன்னீர்செல்வம்.

"பன்னெண்டு."

"அப்ப நீ ஒண்ணுகூட போடாத. பத்துக்கு மேல, பதினஞ்சுக்குள்ள. மேட்டரு முடிஞ்சுது."

"மச்சான், நீ தெய்வம்டா!"

அந்த வாரம் தாலுகாவில் ஓர் உயிருக்கும் ஆபத்தில்லை. கிழவர்கள் கிழவர்களாகவே செத்தார்கள், குழந்தைகள் பிறந்த தேதியிலேயே பிறந்தார்கள். ஒவ்வொரு வரியையும் பார்த்திபன் மூன்று தடவை விரல் வைத்துச் சரிபார்த்தான்.

சனிக்கிழமை காலை, பெட்டி போட்ட சட்டையும் முகம் நிறையப் பவுடருமாக வந்து நின்றான். ரோகிணி புதுச் சுடிதாரில் வந்திருந்தாள். பிரிண்டர் 'கர்ர்' என்று கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் நின்றும் போனது.

"ஏழு!" நரசிம்மன் துள்ளிக் குதித்தார். "ஏழே ஏழு!"

ரிஜிஸ்டரை இழுத்து வைத்துக்கொண்டு பத்து நிமிஷத்தில் அவரே திருத்தி முடித்துவிட்டார். "ஏழும் ரோகிணியோடது. பார்த்திபா, உன் பக்கம் ஒண்ணுகூட இல்லப்பா! சபாஷ்! சரி, ரெண்டு பேரும் வீட்டுக்குக் கிளம்புங்க."

ரோகிணியின் முகம் சிவந்துவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தடதடவென்று படி இறங்கினாள்.

பார்த்திபன் தலையில் அடித்துக்கொண்டான். நம்மைக் காப்பாற்றிக்கொள்ளப் போய், அவளை ஆபீசர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டோமே! சனிக்கிழமை போனது போகட்டும், இனி முகத்திலாவது விழிப்பாளா? விழுந்தடித்துக்கொண்டு ஓடினான்.

பஸ் ஸ்டாப்பில் அவள் ஏற வேண்டிய செங்கல்பட்டு பஸ் வந்து நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக, ரிஜிஸ்டர் இல்லாமல் அவளிடம் வாயைத் திறந்தான்.

"மன்னிச்சுக்கங்க ரோகிணி. உங்க தப்பு மட்டும் தனியா தெரியுற மாரி ஆயிப்போச்சு..."

அவள் பஸ்ஸைப் போகவிட்டாள். திரும்பி அவனை ஒரு முறை முறைத்தாள்.

"நான்தான் கரெக்டா ஏழு போட்டேனே, மிச்ச ஏழு நீங்க போட வேணாமா?"