தட்டு எறியாத டீம்

"கத்தரிய வச்சிட்டு எல்லாரும் மேட்டுக்கு வாங்க!"

கங்காணி வீரப்பனின் குரல் கேட்டதும் திலகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேயிலைக் கொழுந்து மளமளவென்று கத்தரிப் பெட்டியில் விழுகிற நேரமாகப் பார்த்துத்தான் இந்த மனிதருக்கு விளையாட்டு ஞாபகம் வரும்.

சுற்றுலா வருகிறவர்களுக்காகத் தேயிலைச் சரிவுக்குக் கீழே டிஸ்க் கோல்ஃப் திடல் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் தட்டைத் தூரத்திலிருந்து எறிந்து, சங்கிலி தொங்கும் கூடையில் விழவைக்க வேண்டும். எஸ்டேட்டுகளுக்குள் போட்டியாம். கொழுந்து வெட்டும் பெண்கள்தான் டீமாம்.

"கைய உதறுங்க. மணிக்கட்ட மெதுவா சுத்துங்க. முழங்கை வரைக்கும் நீவி விடுங்க. தட்ட இறுக்கிப் பிடிச்சா நரம்பு இழுத்துக்கும். லேசாப் பிடிக்கணும்."

"எந்தத் தட்ட, கங்காணி?" என்றாள் அம்மாக்கண்ணு. "இத்தன நாளா வெறுங்கையத்தானே வீசறோம். கோழி விரட்டற மாதிரி இருக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள்.

"முதல்ல கை பழகட்டும் லா. தட்டு எங்க ஓடிப் போகுது?"

திலகா சிரிக்கவில்லை. "லோரி வந்து நிறுக்கறப்ப எடை குறைஞ்சா கூலிய இவரா தருவாரு? ராத்திரியானா கை கடுத்துத் தைலம் தேய்க்கிறவளுக்கு விளையாட்டு ஒரு கேடு!"

வேலை முடிந்ததும் நேரே ஆபீசுக்குப் போனாள். எஸ்டேட்டை நடத்தும் துரை முன்னால் வீரப்பன் நின்றுகொண்டிருந்தார். நல்லதாய்ப் போயிற்று, அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடலாம்.

"துரை, இந்தப் பயிற்சி நேரத்தப் பத்தி..."

"அதுக்கென்னம்மா, நடக்கட்டும்! ஜெயிச்சா எஸ்டேட் பேரு பேப்பர்ல வரும்." துரை வீரப்பனைக் கைகாட்டினார். "இவரு முன்ன வந்து, பொம்பளைங்களுக்குக் கை வலிக்குது, நடுவுல கொஞ்சம் ஓய்வு கொடுங்கன்னாரு. வேலைக்கு வந்தாங்களா, தூங்க வந்தாங்களான்னு விரட்டிட்டேன். அப்புறம்தான் உருப்படியா இந்தப் போட்டிய எடுத்துட்டு வந்தாரு."

வீரப்பன் குனிந்த தலை நிமிராமல் கையிலிருந்த தொப்பியைத் தடவிக்கொண்டிருந்தார்.

பிரிஞ்சாங் சந்தையில் வாங்கிய தைலப் புட்டியை இந்த வாரம் திறக்கவே இல்லை என்பது திலகாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சொல்லும்மா, என்ன குறை? தட்டு நல்லாப் போகுதா?"

"நல்லாப் போகுது துரை," என்றாள், ஒருநாளும் தட்டைத் தொட்டிராத திலகா. "நேரம்தான் பத்தல. சாயந்திரமும் கொஞ்சம் கொடுங்க."