சொந்தக்கார விலை

"சொந்தக்காரங்களுக்குள்ள வியாபாரம் நடந்தா விலை பொய் சொல்லும், வச்சலா. அதை வச்சுத்தான் அந்தக் கம்பெனியைப் புடிச்சேன்!"

சொல்லிவிட்டுப் பூவராகவன் உற்சாகமாக ரசம் சாதத்தைப் பிசைந்தார். வாணலியில் அப்பளம் கருகுவதை அவர் மனைவி வச்சலா கவனிக்கவில்லை.

பூவராகவன் செங்கல்பட்டில் வருமான வரி இன்ஸ்பெக்டர். கல்பாக்கத்தில் அணு உலை கட்டிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில், பக்கத்திலேயே புதுப்பட்டினத்தில் இறால் வாங்கிக் கப்பலேற்ற ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வந்து உட்கார்ந்திருந்தது. மூன்று மாதமாக வீட்டில் காலையும் மாலையும் இறால் பேச்சுதான். இத்தனைக்கும் சுத்த சைவ வீடு.

"நஷ்டம் நஷ்டம்னு அழறான்னு சொன்னீங்களே, அவனா?"

"அவனேதான். எல்லாம் நடிப்பு! சதுரங்கப்பட்டினம் கரையில ஏலம் எடுக்கறான். எடுத்ததை வெளிநாட்டுல ஒரு கம்பெனிக்குக் கிலோ பன்னெண்டு ரூபாய்னு தள்ளிவிடறான். அந்தக் கம்பெனி யாரோடது? இவனோடதே! அது நாப்பது ரூபாய்க்கு விக்குது. லாபமெல்லாம் வரியே இல்லாத ஏதோ ஒரு தீவுல போய் உக்காந்துக்குது. நமக்குப் பட்டை நாமம்."

"அடப்பாவி!"

"நம்ம கடல். நம்ம ஜனங்க உயிரைக் கொடுத்துப் புடிச்ச இறால். அதுக்கு எவ்வளவு வரின்னு நம்ம சர்க்கார் சொல்லணுமா, அவன் சொல்லணுமா? வரி வேணுமா வேணாமான்னு அவன் இஷ்டத்துக்கு முடிவு பண்ணிட்டா, அப்புறம் நமக்கு எதுக்குச் சுதந்திரம், கொடி எல்லாம்?"

"எப்படித்தான் கண்டுபிடிச்சீங்களோ!"

"பெரிய வித்தை இல்லை. இந்த முனையில என்ன விலை, அந்த முனையில என்ன விலைன்னு ரெண்டு பக்கமும் கேட்டேன். குட்டு உடைஞ்சு போச்சு."

கூடத்திலிருந்து மாமியார் பர்வதத்தின் குரல் சீறிக்கொண்டு வந்தது.

"கருகல் நாத்தம் குடலைப் புடுங்குது! கடையில ஒன்றரை ரூபாய்க்குக் கிடைக்கிற அப்பளத்தை மூணு ரூபா கொட்டி வாங்கறே. அதையும் கரியாக்கறே! அந்தக் கன்னியம்மா உன் தலையில நல்லா மிளகாய் அரைக்கறாடி!"

வச்சலா அவசரமாக வாணலியை இறக்கினாள்.

அந்த அப்பளத்தை இட்டது அவளைப் பெற்ற செங்கமலம். புருஷன் போன பிறகு சிங்கப்பெருமாள் கோயிலில் தனியாக இருக்கிறாள். அப்பளக் குழவிதான் அவளுக்குச் சோறு போடுகிறது. ரோஷக்காரி. பெண்ணைக் கொடுத்த வீட்டில் கை நனைக்க மாட்டாள், காலணா வாங்க மாட்டாள். வச்சலா என்னதான் செய்வாள்? ரயிலேறி வந்து கீரை விற்கும் கன்னியம்மாவைப் பிடித்தாள். 'செங்கல்பட்டுல ஒரு ஹோட்டல்காரர் வாங்கறார்னு அம்மாகிட்ட சொல்லிடு' என்று சொல்லி வைத்து, இரண்டு பங்கு விலைக்குத் தானே வாங்கிக்கொண்டிருந்தாள்.

விஷயம் தெரிந்தால் அம்மா அன்றைக்கே நிறுத்திவிடுவாள். பட்டினி கிடந்தாலும் கிடப்பாளே தவிர இந்தக் காசைத் தொட மாட்டாள். மாமியாருக்குத் தெரிந்தாலோ, கேட்கவே வேண்டாம்.

"இன்னொரு கேஸும் கையில இருக்கு." பூவராகவன் குரலைத் தாழ்த்தினார். "இதே தினுசுதான். சொந்தக்கார வியாபாரம். சரக்கு வர்றது மட்டும் சிங்கப்பெருமாள் கோயில்லேர்ந்து."

வச்சலா அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்து மெட்ராஸ் ஆபீஸ்லேர்ந்து திரும்பும்போது, உங்கம்மாவைப் பாத்துட்டு வரலாம்னு அங்க இறங்கினேன்."

"தப்புதாங்க. உங்க காசைத்தான் எடுத்தேன். கேட்டா குடுத்திருப்பீங்க, தெரியும். ஆனா அம்மா வாங்க மாட்டாங்களே! ஒரு வேளை சாப்பிட்டு ரெண்டு வேளை சாப்பிட்டேன்னு சொல்றவங்க. என்னை என்ன வேணா திட்டுங்க. அம்மாகிட்ட மட்டும் எதுவும் சொல்லிடாதீங்க."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பூவராகவனுக்கு விளையாட்டு போதும் என்று ஆகிவிட்டது. எச்சில் கையோடு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அட பைத்தியமே! நான் மூச்சு விடலை. அவங்களேதான் பெருமையாச் சொன்னாங்க. 'கன்னியம்மா மூலமா ஒரு ஹோட்டல்காரர் வாங்கறார், மாப்பிள்ளை! மகராசன், கட்டுக்கு நாலு ரூபா தர்றார்'னு. கன்னத்துல கொஞ்சம் சதை போட்டிருக்கு, உங்கம்மாவுக்கு."

வச்சலா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நாலா? நான் மூணுதானே குடுக்கறேன்!"

"அதுதான் எனக்கும் இடிச்சுது. மூணு ரூபா போற வழியில எப்படி நாலாச்சு? இன்ஸ்பெக்டர் புத்தி சும்மா இருக்குமா? ஸ்டேஷன்ல கன்னியம்மாவை மடக்கிட்டேன்."

"என்ன சொன்னா?"

பூவராகவன் கூடத்துப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு கன்னியம்மா சொன்னதை அவள் மாதிரியே, ஆனால் மெதுவாகச் சொன்னார்.

"'நான் இன்னா சார் பண்றது? உங்கம்மாதான் கொல்லப்பக்கமா வந்து, "மருமவ குடுக்கறது சம்பந்தியம்மாவுக்கு எப்படிப் பத்தும், இதையும் சேத்துக் குடு, அவளாண்ட மட்டும் சொல்லித் தொலைக்காதே"ன்னு வாராவாரம் கட்டுக்கு ஒரு ரூபா தனியா குடுத்துகினு கீது!'"