எடுக்காத எண்

இந்தத் தாத்தா இன்றைக்கும் பொய்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தபடியே அவள் போனில் கேட்டாள். “தண்ணி குடிச்சீங்களா தாத்தா?”

“ஒரு குடத்தையே காலி பண்ணிட்டேன்மா!”

“ஜன்னல் திரையை இழுத்துவிடுங்க. மத்தியானம் வெளிய போகாதீங்க.”

தனியாக இருக்கும் முதியவர்களைக் கோடை முழுவதும் இப்படி விசாரிப்பதுதான் அவளுடைய வேலை. அடுத்த எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“எடுக்கலை சார். ஆள் அனுப்பிப் பாக்கணும்.”

மேலதிகாரி அருகில் வந்தார். “உங்கம்மா போய்ப் பத்து நாளாச்சும்மா. யாரு எடுப்பா? அந்த நம்பரை லிஸ்ட்லேருந்து எடுத்துடு.”

பத்து நாளுக்கு முன்பு, மற்ற எல்லோரையும் அழைத்தவள், அம்மாதானே, சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று இந்த ஒரு எண்ணை மட்டும் தள்ளிப்போட்டிருந்தாள். அடைத்துக் கிடந்த அறையின் வெக்கையை அம்மாவால் சாயங்காலம்வரை தாங்க முடியவில்லை.

“இருக்கட்டும் சார்” என்று மெல்லச் சொல்லிவிட்டு, மறுபடியும் அதே எண்ணை அழுத்தினாள்.