பால் டின்

ஜார்ஜ் டவுன் வாசகர் சங்கத்தின் பீங்கான் கோப்பைகளில் மாலை வெயில் மினுங்குகிறது. தெருவில் ரிக்‌ஷாச் சக்கரங்கள் கடகடக்கின்றன. குமாஸ்தா இராயப்பன் கையில் கோப்பையோடு உறுப்பினர்கள் முன் பேசிக்கொண்டிருக்கிறான். "அடிமைகளை விடுவிக்கணும்னு லிங்கன் முதல்லயே சண்டைக்குப் போகலை. அமெரிக்கா ரெண்டா உடையக் கூடாது, அதான் அவருக்குப் பெரிசு. விடுதலை பின்னாலதான் வந்துச்சு." சொல்லும்போதே கண் வாசலுக்குப் போகிறது. படிக்கு வெளியே குந்தியபடி, துறைமுகக் கூலி சடையன் காலிப் பால் டின்னில் தேநீரை உறிஞ்சிக்கொண்டு கேட்கிறார். அவர் சாதிக்குக் கோப்பை கொடுத்தால் பாதிப்பேர் விலகிவிடுவார்கள், சங்கம் உடையக் கூடாது என்று அந்த டின் ஏற்பாட்டுக்குத் தலையாட்டியவன் இராயப்பன்தான். எப்படியோ பேசி முடிக்கிறான். டின்னைக் கீழே வைத்துவிட்டு, எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டுகிறார் சடையன். "நல்ல மனுசன் சார், அந்த லிங்கன்" என்றபடி டின்னைக் கழுவி வாசல் ஆணியில் மாட்டுகிறார். கையிலிருக்கும் கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறான் இராயப்பன்.