சிவப்பு மூடி

மெக்கானிக் ஏசியை அணைத்ததும், இரண்டு வருஷமாகக் காரில் பாட்டைச் சத்தமாக வைத்து வாத்தியார் அமுக்கிவைத்த கடகட சட்டென்று நிற்கிறது. போட்டால் மறுபடி கடகட. "இன்ஜின்ல ஒண்ணுமில்ல சார்" என்றபடி டாஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி, ஏசி விசிறிக்குள் சிக்கியிருந்ததை எடுத்து வாத்தியாரின் உள்ளங்கையில் வைக்கிறார். தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயிலில் சிவப்பாக மின்னுகிறது, அவர் விடைத்தாள் திருத்தும் பேனாவின் மூடி. 'ஓட்டத் தெரியாம ஓட்டி இன்ஜினையே கெடுத்துட்டே' என்று தெருவே கேட்கக் கத்தி அந்தச் சத்தம் தொடங்கிய அன்று மனைவியிடம் பிடுங்கிய சாவியை, பின்சீட்டில் பையை அணைத்தபடி உட்கார்ந்திருக்கும் அவளிடமே இப்போது நீட்டுகிறார். "நீயே ஓட்டேன்." அவள் மூடியைப் பார்க்கிறாள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். "வேணாங்க. எனக்கு ஓட்டவே மறந்துபோச்சு."