ஒரு மணிக்கு நிற்கும் தறிகள்

“மறுபடியும் நின்னுடுச்சா? உன்னை எதுக்கும்மா சம்பளம் குடுத்து வச்சிருக்கேன்?”

சேவூர் தறி ஷெட்டின் முதலாளி சந்திரமோகன் கத்தினார். கம்ப்யூட்டரிலிருந்து டிசைன் வாங்கி ஓடும் பட்டுத் தறிகள் அத்தனையும் மதியம் ஒரு மணிக்குச் சொல்லி வைத்தாற்போல் நின்றுவிடும். அரை மணி கழித்து, யாரும் தொடாமலே ஓட ஆரம்பிக்கும்.

“உனக்கு முன்னாடி இருந்த பிலிப்பும் இப்படித்தான், பார்க்கிறேன் பார்க்கிறேன்னே ஒரு வருஷத்தை ஓட்டினான். துரத்திட்டேன். சனிக்கிழமைக்குள்ள சரியாகலன்னா நீயும் கெளம்ப வேண்டியதுதான்.”

ஷெட்டின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் தேவிப்ரியாவுக்குச் சுருக்கென்றது. வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

கல்லூரியில் படித்தது விண்டோஸ். இங்கே கம்ப்யூட்டரில் இருந்ததோ லினக்ஸ். அதனாலென்ன, கற்றுக்கொண்டால் போகிறது! டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் படித்தாள். பின்னணியில் ஓசைப்படாமல் ஓடும் புரோகிராமுக்கு லினக்ஸில் ‘சர்வீஸ்’ என்று பெயராம். அதை எப்படி ஓட்டுவது, எப்படி நிறுத்துவது, ஏன் நின்றது என்று எப்படிப் பார்ப்பது எல்லாம் தப்புத் தப்பாக அடித்து அடித்தே பிடிபட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் விஷயம் சிக்கியது. டிசைன் அனுப்பும் சர்வீஸை ஒரு மணிக்கு நிறுத்தி, ஒன்றரைக்கு மறுபடி எழுப்ப ஒரு டைமர்! பிலிப்பின் கைவேலை.

“வேலை தெரியாத ஆளுன்னு பார்த்தா, வேணும்னே பண்ணியிருக்கான் படுபாவி!”

டைமரை நிறுத்தினாள். அன்று ஒரு மணி தாண்டியும் தறிகள் ஓடின. முதலாளி கண்ணமங்கலம் போயிருந்தார். வந்ததும் சொல்லி ஒரு சபாஷ் வாங்கிவிட வேண்டும் என்று குதூகலமாக ஷெட்டுக்குள் போனாள்.

தறிக்காரி உண்ணாமலை ஒரு கையில் டிபன் பாக்ஸும் தறிமேல் கண்ணுமாக, நின்றபடியே சோற்றை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா, உக்காந்து சாப்பிடக் கூடாதா?”

“ஓடுற தறிய உட்டுட்டு எப்படி கண்ணு உக்கார்றது? இழை அறுந்தா கூலியில புடிச்சிப்பாரு. சோத்துக்குன்னு தறிய நிறுத்தவும் உடமாட்டாரு மொதலாளி. இன்னிக்கு இன்னாவோ தெரியல, ஒரு மணிக்கு நிக்கவே இல்ல.”

தேவிப்ரியா அவள் பக்கம் நெருங்கினாள்.

“அக்கா... தினமும் அது ஏன் நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

உண்ணாமலை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“யார்கிட்டயும் சொல்லிடாத. நாங்க நின்னுகினே துன்றத பாக்க முடியாம பிலிப் தம்பிதான் அப்படி வச்சுது. வேலை போறப்பகூட மொதலாளிகிட்ட மூச்சு உடல. ஒண்ணும் தெரியாத பயன்னு பேர் வாங்கிகினு போயிடுச்சு.”

தேவிப்ரியா கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினாள்.

சனிக்கிழமை, மணி ஒன்று. தறிகள் அடங்கின. ஷெட்டுக்குள் டிபன் பாக்ஸ்கள் திறக்கும் சத்தம் கேட்டது.

“கெடு முடிஞ்சிடுச்சு. என்னதான் கோளாறுன்னு கண்டுபிடிச்சியா இல்லையா?” என்று உறுமினார் சந்திரமோகன்.

கண்ணை இமைக்காமல் தேவிப்ரியா சொன்னாள்: “எனக்கும் ஒண்ணும் புரியல சார்.”