ஐம்பத்தேழாவது வாரம்

“ஒரு வருசத்துக்கு எத்தன வாரம்லா? வாயத் தொறந்து சொல்லு!”

பாதி திறந்திருந்த கதவைத் தட்டப் போன லூயிஸ் கையை இறக்கிக்கொண்டார். சிம்பாங் பூலாயில் பழைய கணினிச் சாமான் விற்கும் அர்ச்சுனனின் கடை அது. உள்ளே அவன் போட்ட சத்தம் சாலை வரை கேட்டது.

லூயிசும் சண்டைக்குத் தயாராகத்தான் ஈப்போவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். அவருடைய மறைந்த மனைவி கத்தரின் கூட்டுச் சீட்டு எடுத்த பணத்தில் வாங்கிய 1983ஆம் வருடத்துக் கணினி ஒன்று வீட்டில் இருந்தது. இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்ட ரப்பர் தோட்டத்தில், பிள்ளைகளுக்கு அதை வைத்துத்தான் பாடம் சொல்லிக் கொடுத்தாள். போன மாதம் இடி இறங்கியதில் அதன் சிப்புகள் கருகிவிட்டன.

கத்தரினின் நினைவுப் பூசைக்கு அந்தப் பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள். அன்று கணினி ஓட வேண்டும். அதுவும் அவள் காலத்துச் சிப்புகளோடு ஓட வேண்டும் என்று லூயிஸ் ஒற்றைக் காலில் நின்றார்.

ஏற்கெனவே இரண்டு பேர் புதுச் சிப்பில் பழைய தயாரிப்புத் தேதியை அச்சடித்து அவர் தலையில் கட்டிவிட்டார்கள். மகள் மிஷெலின் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைத் தொட்டுத் துடைத்ததும் தேதி பஞ்சோடு வந்துவிட்டது. இன்று அந்தப் புட்டியைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். மூன்றாவது திருடன் மட்டும் அகப்படட்டும்!

“அம்பத்தி ரெண்டு வாரம்ணே,” என்றான் கடையில் வேலை செய்யும் சுரேன்.

“அப்ப இது என்ன? எட்டு, மூணு, அஞ்சு, ஏழு. மொத ரெண்டு நம்பர் வருசம், அடுத்த ரெண்டு வாரம். எம்பத்தி மூணாம் வருசம், அம்பத்தி ஏழாவது வாரம்! ஒங்க வூட்டு காலண்டர்ல இருக்கா?”

“அவசரத்துல கவனிக்கலண்ணே.”

“கவனிக்கலயா? இத கஸ்டமர் கையில குடுத்தா என் பேரு நாறிப் போயிரும்லா! பொழப்பே இந்தப் பேர நம்பித்தான் ஓடுது!”

அர்ச்சுனன் ஒரு டப்பா சிப்புகளை அப்படியே குப்பைத் தொட்டியில் கொட்டினான். அப்போதுதான் வாசலில் நின்றவரைப் பார்த்தான்.

“மன்னிச்சுக்குங்க அங்கிள். காலையிலயே ரத்தம் கொதிக்குது. போன்ல பேசுனது நீங்கதானே?”

“ஆமா தம்பி. ரெண்டு பேரு திப்பு பண்ணி ஏமாத்திட்டானுங்க. அந்த ஆத்திரத்துலதான் வந்தேன்.”

“சும்மாவா விட்டீங்க? செருப்பாலயே அடிச்சிருக்கணும் அங்கிள்!”

தன்னைவிடக் கோபக்காரன் ஒருவனைப் பார்த்ததும் லூயிசுக்கு நெஞ்சு குளிர்ந்தது. வந்தவரைக்கும் லாபம் என்று பார்க்காமல், ஒரு எண் தப்பாக இருந்ததற்கு டப்பாவையே தூக்கிக் கொட்டுகிறானே!

அர்ச்சுனன் இன்னொரு டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு சிப்பாக விளக்கடியில் காட்டினான்.

“இது எம்பத்தி மூணு, பன்னெண்டாவது வாரம். இது முப்பதாவது வாரம். நல்லா பாத்துக்குங்க. சந்தேகம்னா தொடச்சும் பாக்கலாம்.”

லூயிசின் கை சட்டைப் பை வரை போனது. இவனைப் போய்ச் சோதிப்பதா? அவருக்கே வெட்கமாக இருந்தது.

“வேணாம் தம்பி. ஒன் கோவத்தப் பாத்தாலே தெரியுது,” என்றார். பேரம் பேசாமல் அவன் கேட்ட விலையைக் கொடுத்தார். சிப்புகளைக் கைக்குட்டையில் பொதிந்து எடுத்துக்கொண்டார்.

மோட்டாரில் உட்கார்ந்த பிறகுதான் தலையில் ஹெல்மெட் இல்லை என்று உறைத்தது. திரும்பி நடந்தார். அர்ச்சுனனின் கோபம் இன்னும் அடங்கவில்லை. குரல் வெளியே வந்துகொண்டிருந்தது. நேர்மையாகப் பிழைப்பவனுக்குத்தான் எவ்வளவு ரோஷம் என்று நினைத்தபடியே கதவருகே போனார்.

“என்னலா முழிச்சிக்கிட்டு நிக்கிற? தொட்டியில கெடக்கறத எல்லாம் பொறுக்கி எடு. நம்பர அழிச்சிட்டு மறுபடி அடி. இந்த வாட்டியாவது அம்பத்தி ரெண்டுக்குள்ள அடிச்சுத் தொல!”